அன்னம் தலை தூக்கும்வரை

அது தலையைத் தூக்குவதாக இல்லை. சற்குணராசா தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்து மறு கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றார். கால் விரல்கள் சப்பாத்துக்குள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மூக்கு தன்பாட்டுக்கு ஒழுகியது, துடைக்கவேண்டுமென்றால் முகத்தை மூடியிருந்த கம்பளித் தொப்பியை மேலே தூக்கவேண்டும், தூக்கினால் ஏரிக்காற்று கன்னத்தைச் சீவிவிடும், ஒழுகினால் ஒழுகட்டும். நாணல் விளிம்போடு அன்னங்கள் கிடந்தன. வடக்கே பனி இறுகத் தொடங்கியதும் தெற்கே கிளம்பி, வழியில் இந்தச் சதுப்பில் இறங்கி இளைப்பாறுகிற கூட்டம். எல்லாம் கழுத்தை வளைத்துத் தலையை முதுகுச் சிறகுக்குள் புதைத்துவிட்டு நித்திரை, கட்டிலிலிருந்து உருண்டு விழுந்த தலையணைகள் மாதிரி. தலை தெரியாத அன்னத்தை இன்ன அன்னம் என்று சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. கனடாவில் இந்தப் பக்கம் வருகிற காட்டு அன்னம் இரண்டு வகை. ஒன்று துந்திரா, துருவத்து ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இலை உதிரும் காலத்தில் கடற்கரை தேடிப் போவது. மற்றது எக்காளம், கொஞ்சம் பெரிது, பெயருக்கு ஏற்றபடி கோயில் எக்காளம் போலக் கத்துவது. இரண்டும் ஒரே வெள்ளை, இரண்டுக்கும் ஒரே கறுத்த சொண்டு. துந்திராவுக்குக் கண்ணுக்கு முன்னால், சொண்டு தொடங்குகிற இடத்தில், ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும், பயறளவு. எக்காளத்துக்கு இராது. அந்தப் பயறளவு மஞ்சளுக்காகத்தான் இந்த மனிதர் வருஷா வருஷம் குளிரில் விறைக்கிறார். பாலையும் தண்ணியையும் பிரிக்கிற அன்னத்தையே பிரிக்கிற மனுசன், ஆனால் உப்பையும் சீனியையும் பிரிக்கத் தெரியாது என்பாள் மனைவி வதனி. ஒருநாள் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டதை அவள் சாகும்வரை சொல்வாள்.

பறவை பார்க்கிற சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சதுப்புக்கு இரண்டு பேர் போகவேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு பறவைக்குப் பெயர். ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் அது வெறும் அன்னம், அவ்வளவுதான். வழக்கமாகக் கூட வருகிற வெள்ளைக்காரருக்குக் காய்ச்சல். ஆகவே இன்றைக்கு இரண்டாவது ஆளாகப் பக்கத்தில் நின்றது புவனேந்திரன். அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் சற்குணம் இவ்வளவு நேரமும் தொலைநோக்கியில் ஒட்டிக்கொண்டு நின்றார் என்பதுதான் உண்மை, அன்னத்தைச் சாட்டுச் சொன்னால் அன்னம் பாவம். புவனேந்திரன், சற்குணத்தின் மகள் ஆரணியைக் கேட்டு வந்திருக்கிற நிரூஜனின் தகப்பன். கேட்டு வந்தது என்பதும் மரியாதைக்குச் சொல்வது. பிள்ளைகள் இரண்டும் பல்கலைக்கழகத்திலேயே தாங்களே கேட்டு, தாங்களே ஓம் சொல்லி, பிறகுதான் பெற்றவர்களுக்கு அறிவித்தன. பெடியன் தங்கமான பெடியன், குற்றம் சொல்ல ஒரு துரும்பு கிடையாது. இன்று பின்னேரம் ஐயரிடம் போய் நாள் வைப்பதென்று இரண்டு தாய்மாரும் முடிவு கட்டிவிட்டார்கள். சற்குணம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. புவனேந்திரன் வீட்டில் விருந்து சாப்பிட்டு வந்த நாளிலிருந்து அப்படி. ஆரணி கொஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், கடைசியில் நேற்றுக் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “அப்பா, நீங்கள் ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. காரணம்கூடக் கேக்கமாட்டன், எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு வந்திடுவன். ஆனா சும்மா முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு திரியாதேங்கோ. நாளைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, வடிவாக் கதையுங்கோ. நானும் நிருவும் பின்னாலை கோப்பி வாங்கிக்கொண்டு வருவம். அப்ப எனக்குச் சொல்லவேணும்.” காரணம் கேட்கமாட்டாளாம். அதுதான் அவருக்குப் பயம். கேட்டாளென்றால் சொல்லலாம், அவளும் தூக்கி எடை பார்க்கலாம், அப்பா உங்களுக்கு விசர் என்று சிரிக்கக்கூடச் செய்யலாம். கேட்கமாட்டேன் என்றதும் முழுப் பாரமும் ஒரு சொல்லில் வந்து குந்திவிட்டது. கத்தியைக் கையில் தந்து, எங்கே வெட்டினாலும் சரி என்று சொல்லிவிட்டுப் பிள்ளை போய்விட்டாள்.

“அண்ணை, அந்தக் கரையிலை நிக்கிறது அசையுதுபோலை கிடக்கு” என்றார் புவனேந்திரன். “காத்துக்கு இறகு ஆடுது” என்றார் சற்குணம். சொல்லிவிட்டுத் திரும்பினார், திரும்பியிருக்கக்கூடாது. குளிருக்குப் புவனேந்திரன் கழுத்துச் சால்வையை மூக்குவரைக்கும் சுற்றியிருந்தார், தொப்பி புருவம்வரைக்கும் இறங்கியிருந்தது, நடுவே இரண்டு கண். இடது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, ஒரு கறுத்த பொட்டு. எள்ளளவு. விருந்தன்று விளக்கு வெளிச்சத்தில் புட்டுக்குச் சொதி ஊற்றும்போது அதைத்தான் கண்டார். அன்றைக்கு முழு முகத்தோடு கண்டதால் இதுவா அதுவா என்று இருந்தது. இன்றைக்கு முகம் இல்லாமல் கண் மட்டும். மறுபடி தொலைநோக்கிக்குள் போய் ஒளிந்துகொண்டார். வெள்ளை, வெள்ளை, எல்லாம் வெள்ளை. அதுவும் வெள்ளைதான், வெள்ளை உரப்பை, அதில் யூரியா என்று இங்கிலீசில் எழுதியிருந்த எழுத்து நெற்றிக்கு மேலே மடிந்து கிடந்தது. அப்போது அவருக்கு மீசை வந்து நிலைத்த வயது, தம்பி நித்திக்கு இன்னும் சரியாக அரும்பவில்லை. விடிய நாய்கள் குரைத்துக் கண்ணை விழித்தால் ஊர் முழுக்க ஆமி. சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரும் வாசிகசாலை வெளிக்கு வரவேணும் என்று ஒலிபெருக்கி. வெயிலில் இருத்தி வைத்து, பிறகு எழுப்பி, ஒரு ஜீப்புக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் ஒருவன் இருந்தான். தலையில் அந்த உரப்பை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி. எங்கள் ஊர்களில் அதுதான் அவனுக்குப் பெயர், தாய் தகப்பன் வைத்த பெயர் பைக்குள்ளே இருக்கும். அவன் வாய் திறக்கமாட்டான், திறந்தால் குரலில் ஆள் பிடிபட்டுவிடும், அயலூர்க்காரன்தானே. ஆள் முன்னால் வரும்போது அவன் சும்மா இருந்தால் தப்பினாய், வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் தோளில் பிடித்து மற்றப் பக்கம் இழுப்பார்கள். மற்றப் பக்கம் போய் வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

சற்குணம் ஜீப்புக்கு முன்னால் நின்றார். எவ்வளவு நேரம் என்றால், ஒரு மூச்சு. ஓட்டைக்குள் கண்கள் இருந்தன, மனிசக் கண்கள்தான், ஈரமாக இருந்தன, இடது கண்ணில் ஒரு பொட்டு. பிறகு போ என்று துவக்குப் பிடியால் தட்டினார்கள், போனார். ஒரு கால் எடுத்து வைத்து, பாதி திரும்பி, பின்னால் நித்தி வந்து அந்த இடத்தில் நிற்கிற அந்த நேரத்தில், உரப்பை கீழே போய் மேலே வந்தது. ஒரே ஒரு தரம். மேலே வரும்போது இடப்பக்கம் ஒரு சின்னச் சரிவு. இழுத்துக்கொண்டு போனார்கள். நித்தி “அண்ணை” என்றான். கத்தவில்லை. கிணற்றடியில் நின்று சவுக்காரத்தை எடுத்துத் தா என்று கூப்பிடுவானே, அந்தக் குரல். பிறகு அவனை ஒருவரும் காணவில்லை, எத்தனை காம்ப், எத்தனை அரசாங்கக் கந்தோர், எத்தனை சாத்திரி. சற்குணம் அன்றைக்குப் பிறகு தலையாட்டுவதை விட்டுவிட்டார். தீர்மானம் எடுத்து விடவில்லை, கழுத்து தானாக மறுத்துவிட்டது. ஓம் என்றால் வாயால் ஓம், இல்லையென்றால் வாயால் இல்லை. கனடாவுக்கு வந்து தொழிற்சாலையில் மேலாள் ஏதாவது சொன்னால் எல்லாரும் தலையை ஆட்ட, இவர் மரம்போல நின்று யெஸ் என்பார், திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்தது. தாலி கட்டும்போது ஐயர் கேட்டதற்கெல்லாம் வாயால் ஓம் ஓம் என்று சொல்லிச் சபை சிரித்தது. அப்பாவுக்குக் கழுத்துச் சுளுக்கு என்று ஆரணி சின்ன வயதிலிருந்தே பகிடி பண்ணுவாள்.

சரி, இதையும் சொல்லவேண்டும். அந்த விருந்தில் அவர் கண்டது பொட்டை மட்டும் அல்ல. புவனேந்திரனும் தலையாட்டவில்லை. இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டோ என்றதற்குக் கையைச் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே பிடித்தார். அந்த மண்டபம் சரியோ என்று வதனி கேட்டதற்கு “ஓமோம்” என்றார், கழுத்து அசையவில்லை. நம்முடைய ஆட்கள் தலையை அசைக்காமல் ஒரு கதை கதைப்பார்களா? சும்மா இருக்கும்போதே ஆடுகிற தலை. சற்குணம் சாப்பாட்டை மறந்து அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். தலையாட்டாத மனிசன் இரண்டு பேர்தான் இருக்கமுடியும், பைக்கு வெளியே நின்றவன் ஒருத்தன், பைக்குள்ளே இருந்தவன் ஒருத்தன். இந்தச் சூத்திரம் அவருக்கு முதலில் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. காரில் திரும்பி வரும்போதே அது ஓட்டையாகிவிட்டது. புவனேந்திரனும் வெளியே நின்றவனாக இருந்தால்? அவருக்கும் ஒரு நித்தி இருந்திருந்தால்? தலையாட்டாதவனைப் பிடிப்பதென்றால் முதலில் என்னையல்லவா பிடிக்கவேண்டும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனிசன் இன்று விடிய என்ன செய்தது, இவருக்கு முழங்கால் நோ என்று கேள்விப்பட்டு ஒரு மடக்குக் கதிரையைக் காவிக்கொண்டு வந்தது, சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டு வந்தது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிசன், பனியில் பிள்ளைகள் ஏறி முடியும்வரைக்கும் இறங்கி நின்று பார்க்கிறவராம். பேயா இது? ஆனால் பேய் என்றால் பல்லை நீட்டிக்கொண்டா வரும்? அந்த ஓட்டைக்குள் இருந்த கண்ணும் ஈரமாகத்தானே இருந்தது. ஏன் ஈரம்? பாவம் பார்த்த ஈரமா, வெயிலுக்கு வந்த வேர்வையா? முப்பது வருஷத்துக்கு மேலாக இதில் வந்துதான் இடறுகிறார். ஈரம் என்று நினைத்தால் கோபம் வழுக்குகிறது, கோபம் வழுக்கினால் நித்தி அண்ணை என்கிறான்.

“தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை, ஆறப்போகுது.” புவனேந்திரன் சால்வையை இறக்கினார், முகம் வந்தது, நரைத்த மீசையும் கன்னத்தில் குழியுமாக ஒரு சாதாரண முகம். சற்குணம் தன் கம்பளித் தொப்பியின் கீழ் ஓரத்தை மட்டும் உதட்டுக்கு மேலே தூக்கிக் குடித்தார். இஞ்சி தொண்டையைக் காறியது. கேட்டுவிடுவது என்று முடிவு செய்யவில்லை, வாய் கேட்டுவிட்டது. “புவனேந்திரன், உந்தக் கண்ணிலை என்ன?”

“எந்தக் கண்? ஓ, இதோ. மச்சம். பிறந்ததிலை இருந்து எண்டு அம்மா சொல்லுறவ. டொக்டர் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டிட்டார், உப்பிடிக் கனபேருக்கு இருக்காம்.” ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். “ஏன் அண்ணை?”

“சும்மா.”

காற்று நாணலைச் சாய்த்து விட்டது. புவனேந்திரன் ஏரியைப் பார்த்தபடி, ஏரிக்கே சொல்வதுபோலச் சொன்னார். “முந்தியும் ஒரு மனுசி பாத்தது. ஸ்காபரோவிலை, மரக்கறிக் கடையிலை. ஆரெண்டு தெரியாது. கையிலை கத்தரிக்காயை வச்சுக்கொண்டு என்ரை கண்ணையே பாத்துக்கொண்டு நிண்டுது. பேந்து கத்தரிக்காயை வச்சிட்டு ஒண்டும் சொல்லாமல் போட்டுது.”

சற்குணம் மிச்சத் தேத்தண்ணியை நாணலுக்குள் ஊற்றினார். “அந்த நேரம் நீங்கள் ஊரிலையோ?” என்று கேட்டார். எந்த நேரம் என்று அவர் சொல்லவில்லை, புவனேந்திரனும் எந்த நேரம் என்று கேட்கவில்லை. “ஊரிலைதான். பிடிச்சுக்கொண்டுபோய்க் காம்பிலை வச்சிருந்தவங்கள் கொஞ்ச நாள். எல்லாரையும் போலைதான்.” அதோடு முடிந்தது. போத்தல் மூடியைத் திருகி மூடினார், தேவைக்கு மேலே இறுக்கித் திருகினார்.

எல்லாரையும் போலை. சற்குணம் அந்தச் சொற்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார். எல்லாரையும்தான் கொண்டுபோனார்கள், எல்லாரையும்தான் தலைகீழாகக் கட்டினார்கள், பெற்ற தாயையே காட்டிக் கொடு என்பார்கள், அதில் ஒருத்தன் போதும் போதும் என்று ஓட்டைப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறான், அவனுக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ வயது இருக்கும், அவனுக்கு முன்னால் ஊர் நடந்து போகிறது, யாரையாவது காட்டித்தான் ஆகவேண்டும், காட்டாவிட்டால் பின்னேரம் மறுபடி தலைகீழ். அவன் என்னத்தைப் பார்த்துக் காட்டுவான்? முகம் தெரிந்தவனையா? இங்கேதான் சற்குணம் ஒருநாளும் போகாமல் சுற்றிக்கொண்டு போகிற பள்ளம் இருந்தது. இன்று குளிரில் கால் விறைத்ததாலோ என்னவோ சறுக்கி அதற்குள்ளேயே விழுந்தார். சட்டை. நீலக் கோடு போட்ட சட்டை. அது சற்குணத்தின் சட்டை. வீட்டில் இரண்டு பேருக்கும் பொதுவான நல்ல சட்டை என்று சொல்லலாம், ஆனால் தைப்பித்தது சற்குணத்துக்கு, ஊரில் வேறு ஒருவரிடமும் அந்தத் துணி இல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் முந்தின கிழமை ஆமி தேடுகிற இயக்கப் பெடியன் ஒருத்தனைச் சைக்கிள் பாரில் ஏற்றிச் சந்தி தாண்டி இறக்கிவிட்டார். பெடியன் கேட்டான், ஏற்றினார், அதில் வீரமும் இல்லை ஒன்றும் இல்லை. சுற்றிவளைப்பு அன்று நித்தியின் சட்டை கொடியில் ஈரமாகக் கிடந்தது, அவசரத்தில் அவன் கையில் அகப்பட்டது நீலக் கோடு. சற்குணம் வெறும் பெனியனோடு போனார். தலையாட்டி பெனியனைப் பார்த்தான், சும்மா இருந்தான். நீலக் கோட்டைப் பார்த்தான். அடையாளம் கண்டான். நீலக் கோடு இருந்தால் அவன், இல்லாவிட்டால் அவன் இல்லை.

ஐயோ நித்தி. அவன் என்னைத்தானடா தேடினான். நீலக் கோடு என்கிற பொட்டைப் பார்த்து ஆளை விட்டுவிட்டான். சற்குணத்தின் கண்ணாடி முழுக்க மூச்சுப் புகைந்தது, தொலைநோக்கியை விட்டு விலகித் துடைத்துக்கொண்டார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார், விரல் விறைத்துவிட்டது என்று புவனேந்திரன் நினைத்திருக்கவேண்டும், கையுறை ஒன்றைக் கழற்றி நீட்டினார். “எனக்கு வேண்டாம்” என்றார் சற்குணம், கொஞ்சம் கடுமையாகவே. பிறகு வாங்கிக்கொண்டார். உள்ளே அந்த மனிசனின் கைச்சூடு இருந்தது. இந்தக் கையா? சூடு நல்ல சூடாகத்தான் இருந்தது. இந்தக் கையுறைக்காக ஓம் சொல்வதா, அந்தப் பொட்டுக்காக இல்லை சொல்வதா? இல்லை என்று சொன்னால் ஆரணி காரணம் கேட்கமாட்டாள், அழாமல் போய்ப் போனை எடுத்துச் சொல்லுவாள், பிறகு வாழ்நாள் முழுக்க அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவாள், முகத்தைப் பார்க்காமல். ஓம் என்று சொன்னால் நாளைக்குப் பேரப்பிள்ளை பிறக்கும், அதன் கண்ணைப் பார்க்க இவருக்குத் துணிவு இருக்குமா? இடது கண்ணில் ஒரு பொட்டோடு ஒரு குழந்தை மடியில் கிடந்து சிரிக்கும், அதற்கு நித்தி என்றா பெயர் வைப்பது?

“அண்ணை! தூக்குது!”

குனிந்தார். கரையோரத்துத் தலையணை ஒன்று கலைந்து கழுத்தாகியது, கழுத்தின் நுனியில் தலை, கறுத்த சொண்டு. நல்ல வெளிச்சம், பக்கவாட்டுத் தோற்றம், இதைவிட வேறென்ன வேண்டும். மஞ்சள் இல்லை. கண்ணுக்கு முன்னால் சுத்தக் கறுப்பு. அது மெல்லத் திரும்பி மறு கன்னத்தையும் காட்டியது, போட்டோ பிடிப்பவனுக்குக் காட்டுகிற கலியாணப் பொம்பிளை மாதிரி, அங்கேயும் மஞ்சள் இல்லை. “எக்காளம்” என்றார். குரலில் பழைய நிச்சயம் வந்திருந்தது, அது அவருக்கே ஆறுதலாக இருந்தது, உலகத்தில் ஒரு விஷயமாவது பார்த்தால் தெரிகிறது. “நீங்களும் பாருங்கோ. பொட்டு இருக்கோ?” புவனேந்திரன் குனிந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். “இல்லைத்தான்” என்றார். “அப்ப ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டாச்சு. எக்காளம்.” சொல்லி வாய் மூடவில்லை, அந்த அன்னம் கழுத்தை நீட்டிச் சத்தம் போட்டது. எக்காளம் இல்லை. உயர்ந்த, மெல்லிய, தூரத்தில் சின்னப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற மாதிரியான குரல். துந்திரா. சந்தேகத்துக்கு இடமே இல்லாத துந்திரா. சிலதுக்குப் பொட்டு இருக்காது, அது அவருக்குத் தெரியாததா, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பொட்டை நம்பாதே குரலைக் கேள் என்று அவர்தானே பாடம் எடுக்கிறார். தெரிந்தும் பொட்டு இல்லை என்றதும் வாய் முந்திவிட்டது. “என்ன அண்ணை, வேறை சத்தமாக் கேக்குது?” என்றார் புவனேந்திரன். “ஓம். நான் பிழை” என்றார் சற்குணம். இந்தப் பிழை ஒருவரையும் எந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போகாது. அன்னம் தன்பாட்டில் சிறகைக் கோதியது.

குரலைக் கேள். ஆனால் அவன் குரலைக் காட்டவே இல்லையே. அவனிடமிருந்து சற்குணத்துக்குக் கிடைத்தது ஒரு கண், ஒரு தலையசைப்பு. கண்ணை நம்ப முடியாது என்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது தலையசைப்பு, கீழே போய் மேலே வரும்போது இடப்பக்கம் ஒரு சரிவு. அதைக் கண்டால் அவருக்குத் தெரியும். ஆயிரம் தலைக்குள்ளே தெரியும், நித்திரையில் தெரியும், அதற்குப் பிறகு ஒரு சந்தேகமும் மிச்சம் இராது. புவனேந்திரன் ஒரு தரம், ஒரே ஒரு தரம் தலையை ஆட்டினால் போதும்.

பின்னால் பலகைப் பாதை அதிர்ந்தது. ஆரணிதான், இரண்டு கையிலும் கோப்பி, மூக்குச் சிவந்து, ஓடி வந்த மூச்சோடு. நிரூஜன் தூரத்தில் காருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான், நிற்கச் சொல்லியிருப்பாள். மாமாவுக்கு ஒன்றைக் கொடுத்தாள், அப்பாவின் கோப்பியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவருக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. பயம். தன் பிள்ளை தனக்கு முன்னால் பயந்துகொண்டு நிற்கிறது. “அப்பா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் அவருடைய கண்களையே பார்த்தாள், கண்களைத் தவிர வேறு எதையும் பார்க்க வழி இல்லை, கம்பளித் தொப்பி நெற்றியிலிருந்து நாடிவரைக்கும் மூடியிருந்தது, இரண்டு ஓட்டை. சற்குணத்துக்கு அப்போதுதான் அது உறைத்தது. முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது. இங்கே மூடின முகம். தலை கொஞ்சம் அசைந்தால் அதற்கு ஒரு வாழ்வு, அசையாவிட்டால் இன்னொன்று. ஜீப்பில் இருப்பது யார்? இதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டேன், செத்தாலும் சொல்லமாட்டேன். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், அது மூக்கில் சிக்கியது, கண்ணாடி கழன்று விழுந்தது, இன்னும் இழுத்தார், தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றது, ஒழுகின மூக்கும் கண்ணீரும் காற்றில் சுரீர் என்றன. குளிர் முகம் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

“ஓம் பிள்ளை” என்றார். திரும்பவும் சொன்னார், உரத்து. “எனக்கு ஓம்.”

நித்தி, மன்னிச்சுக்கொள்ளடா. அல்லது நீயே சொல்லு, உன்னை எடுத்த மாதிரியே ஒரு பொட்டைப் பார்த்து நானும் ஆளை எடுக்கிறதோ?

ஆரணி அழுதாள், சிரித்தாள், கோப்பி அவருடைய ஜாக்கெட்டில் சிந்தியது, கட்டிக்கொண்டு நின்றுவிட்டு விலகி, கோப்பியை மடக்குக் கதிரையில் வைத்து, கன்னத்தைப் புறங்கையால் துடைத்தபடி மற்றப் பக்கம் திரும்பினாள். “மாமா, உங்களுக்கு?” என்றாள்.

சற்குணம் விழுந்த கண்ணாடியை எடுக்கவில்லை. சட்டென்று குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். உள்ளே எல்லாம் மங்கலாக, வெள்ளையாக இருந்தது, எது துந்திரா எது எக்காளம் என்று சொல்லமுடியாத வெள்ளை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், ஓம் என்று ஒரு சத்தம், ஓமோம் என்று ஒரு சத்தம், வாயால் சொல் மனிசா, தலையை ஆட்டாதே, வாயால் சொல். சத்தம் ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும் நாணலில் இரைந்தது. அதற்குள் ஆரணி சந்தோசத்தில் கையைத் தட்டிவிட்டு, “நிரு!” என்று கத்திக்கொண்டு பலகைப் பாதையில் ஓடினாள்.

சற்குணம் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.